பந்து யார் கையில்?

1989 மே 7, கிளீவ்லாந்து. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் பிளேஆஃப் முதல் சுற்றின் கடைசி ஆட்டத்தில் மூன்றே நொடிகள் பாக்கி. சிகாகோ புல்ஸ் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் டக் காலின்ஸின் திட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பந்தை மைக்கேல் ஜோர்டானிடம் கொடுத்துவிட்டு மற்ற எல்லோரும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஜோர்டான் எழும்பினார். தடுக்க எழும்பிய கிளீவ்லாந்து வீரர் கிரேக் ஈலோ தரையைத் தொடும்போதும் ஜோர்டான் காற்றில்தான் இருந்தார். பந்து கூடைக்குள் விழுந்தது. 101-100.

இரண்டே மாதத்தில் காலின்ஸின் வேலை போயிற்று.

அந்த ஆண்டும் புல்ஸ் அணியை வெளியே தள்ளியது டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். அதற்கு முந்தைய ஆண்டும் அவர்கள்தான். ஜோர்டானை எப்படி மடக்குவது என்று பிஸ்டன்ஸ் தனியாக ஒரு பாடத்திட்டமே வைத்திருந்தார்கள்; ‘ஜோர்டான் விதிகள்’ என்று அதற்குப் பெயர். பந்து அவர் கைக்கு வந்ததும் இரண்டாவது ஆள், தேவைப்பட்டால் மூன்றாவது ஆள் வந்து சூழ்ந்துகொள்வார். கூடைக்குப் பாய்ந்தால் உடம்பால் மோதுவார்கள். 1986-87 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 37.1 புள்ளிகள் குவித்தவரைக் கொண்ட அணி, இந்த ஒரே தந்திரத்தில் முடங்கியது.

காலின்ஸின் இடத்துக்கு வந்தவர் அவருடைய உதவியாளராக இருந்த பில் ஜாக்சன். அவரோடு முன்வரிசைக்கு வந்தது டெக்ஸ் வின்டர் என்ற 67 வயது உதவிப் பயிற்சியாளரின் பழைய ஆட்டமுறை. கல்லூரி அணிகளில் பல பத்தாண்டுகள் உழைத்த வின்டர் அதைப் பற்றி 1962-லேயே புத்தகம் எழுதியிருந்தார். என்பிஏ உலகில் பெரிதாக யாரும் அதைச் சீந்தவில்லை.

அதன் பெயர் முக்கோணத் தாக்குதல். ஆடுகளத்தின் ஒரு பக்கத்தில் மூன்று பேர் நிற்பார்கள்: கூடைக்கு அருகே அதற்கு முதுகைக் காட்டியபடி சென்டர், பக்கவாட்டில் ஃபார்வர்டு, மூலையில் கார்டு. மற்ற இருவர் எதிர்ப்பக்கத்தில். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே பதினைந்திலிருந்து பதினெட்டு அடி. இடைவெளி குறைந்தால் எதிரணியின் ஒரே ஆள் நம் ஆட்கள் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்வான். வின்டர் இந்தக் கணக்கில் பிடிவாதக்காரர். இன்ன ஆட்டத்தை ஆடு என்று வெளியிலிருந்து யாரும் உத்தரவு போடுவதில்லை. சென்டருக்குப் போகும் பாஸை எதிரணி மறித்தால் பந்து கூடைக்குத் தொலைவில் நிற்பவரிடம் திரும்பும். அங்கேயும் மறித்தால், மறிப்பவனின் முதுகுப்பக்கமாக ஒருவர் கூடைக்கு ஓடுவார். ராகம் தெரிந்த பாடகர் மேடையில் அந்த நேரத்துக் கற்பனையில் ஸ்வரம் பாடுவதைப் போல, சட்டகம் முன்பே தெரியும். உள்ளே நடப்பது அந்தந்த நொடியில் முடிவாகும்.

இதில் ஜோர்டானுக்கு என்ன சங்கடம்? பந்து ஐந்து கைகளுக்கும் போக வேண்டும். ஆட்டத்தின் இக்கட்டான நேரத்தில் சென்டர் பில் கார்ட்ரைட்டின் கைக்கும் போக வேண்டும். கார்ட்ரைட் பந்தைப் பிடிப்பதில் ஜோர்டானுக்கு நம்பிக்கை இல்லை என்பது சிகாகோவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஜாக்சன் இதைச் சுற்றி வளைக்காமல் பேசினார். அதிகப் புள்ளி எடுக்கும் வீரர் இருக்கும் அணி கோப்பை வெல்வது அபூர்வம், 1971-ல் கரீம் அப்துல் ஜப்பாருக்குப் பிறகு நடக்கவில்லை என்று ஜோர்டானிடம் எடுத்துச் சொன்னார். ஜோர்டான் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்: ஆட்டத்தின் ஒவ்வொரு கால் பகுதிக்கும் எட்டுப் புள்ளி என்றால் ஆட்டத்துக்கு 32 வந்துவிடுமே! சரி, அதில் கொஞ்சத்தைக் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள் என்றார் ஜாக்சன். தன் புத்தகத்தில் அவரே சொல்லும் இந்த உரையாடலில் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. சந்தைக்கடைப் பேரம்தான்.

பேரம் என்றால் இரண்டு பக்கமும் ஏதாவது இறங்கிவர வேண்டும். முக்கோணம் அடைபட்டு, பந்தை எறிவதற்கான 24 நொடிக் கடிகாரம் தீரப்போகும்போது ஜோர்டான் தன் இஷ்டப்படி ஆடலாம் என்பது ஜாக்சன் இறங்கிவந்த இடம். ஜோர்டான் இறங்கிவந்ததை எண்களில் பார்க்கலாம். 1986-87-ல் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 28 முறை கூடையை நோக்கி எறிந்தவர், 1990-91-ல் 22 முறைதான் எறிந்தார். அன்று அவற்றில் 48 சதவீதம் உள்ளே விழுந்தது. இப்போது 54 சதவீதம். சராசரி 31.5 புள்ளிகள். அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற பட்டமும் கைவிட்டுப் போகவில்லை.

முதல் ஆண்டே எல்லாம் கூடிவந்துவிடவில்லை. 1990-லும் பிஸ்டன்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். 1991-ல் அதே பிஸ்டன்ஸை 4-0 என்று துடைத்துவிட்டு இறுதிச் சுற்றுக்குப் போனார்கள். அங்கே லேக்கர்ஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், லேக்கர்ஸ் வீரர்கள் ஜோர்டானைச் சூழ்ந்தபடியே இருந்தார்கள். ஒரு டைம்-அவுட்டில் ஜாக்சன் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: யார் தனியாக நிற்கிறான்? ஜான் பாக்ஸன், என்று ஒருவழியாகப் பதில் வந்தது. அதன் பிறகு பந்து சக வீரர் பாக்ஸனைத் தேடிப் போயிற்று. கடைசி நான்கு நிமிடங்களில் மட்டும் அவர் பத்துப் புள்ளிகள் எடுத்தார். 108-101. சிகாகோவின் முதல் கோப்பை.

இந்தக் கதையை மட்டும் படித்தால், நட்சத்திரம் அடங்கினால் போதும் என்று தோன்றும். நியூயார்க் கதை வேறு.

2011 பிப்ரவரியில் கார்மெலோ ஆண்டனி நிக்ஸ் அணிக்கு வந்தார். பயிற்சியாளர் மைக் டி'ஆன்டோனி. பந்து கிடைத்த ஏழு நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும் என்ற வேக ஆட்டத்தால் பீனிக்ஸில் பெயர் வாங்கியவர். கார்மெலோவின் பாணி நேர் எதிர். பக்கவாட்டில் பந்தை வாங்கி நிறுத்துவார், தடுப்பாளரை அளந்து பார்ப்பார், காலால் போக்குக் காட்டுவார், பிறகுதான் எறிவார். அதற்குள் மற்ற நால்வரும் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். 2012 பிப்ரவரியில் பெஞ்சின் கடைசியில் இருந்த ஜெரமி லின் திடீரென்று நகரத்தின் செல்லப்பிள்ளை ஆனார். நிக்ஸ் தொடர்ந்து ஏழு ஆட்டங்களை வென்றது. அவற்றில் பெரும்பாலானவற்றில் காயம்பட்ட கார்மெலோ ஆடவில்லை. அவர் திரும்பி வந்த பிறகு ஒரு கட்டத்தில் வரிசையாக ஆறு தோல்விகள். மார்ச் 14 அன்று டி'ஆன்டோனி ராஜினாமா செய்தார்.

கார்மெலோவுக்குக் குழு ஆட்டம் வராது என்று தீர்ப்பு எழுதியவர்கள் அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கைப் பார்த்திருக்க வேண்டும். நைஜீரியாவுக்கு எதிராக வெறும் 14 நிமிடங்களில் 37 புள்ளிகள்! பந்தைப் பிடித்த மாத்திரத்தில் எறிந்தார். ஒரு நொடிகூட வைத்துக்கொண்டிருக்கவில்லை. அந்த அமெரிக்க அணியின் உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவர், சாட்சாத் டி'ஆன்டோனி. அங்கே பக்கத்தில் லெப்ரான் ஜேம்ஸும் கோபி பிரையன்டும் கெவின் டுரான்டும் இருந்தார்கள். அணியைத் தானே தூக்கிச் சுமக்க வேண்டிய கட்டாயம் கார்மெலோவுக்கு இல்லை.

டி'ஆன்டோனியும் அதே ஆளாக இருந்துவிடவில்லை. 2016-ல் ஹூஸ்டனுக்குப் போனவர், ஜேம்ஸ் ஹார்டனின் கையில் பந்தைக் கொடுத்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு நீயே என்றார். பந்தை அதிகநேரம் வைத்திருப்பவர் என்று ஹார்டன்மீதும் புகார் உண்டு. ஆனால் இந்த முறை அந்தப் பழக்கத்தை ஒடிக்காமல், அதைச் சுற்றியே ஆட்டத்தைக் கட்டினார். முந்தைய பருவத்தில் 41 வெற்றி பெற்ற அணி 55 வென்றது. அடுத்த ஆண்டு 65. நியூயார்க்கில் இந்த இளக்கத்தில் பாதியாவது காட்டியிருக்கலாம் என்று அந்த ஊர் ரசிகர்கள் நொந்துகொண்டால் அது நியாயம்தான்.

புதிய பயிற்சியாளர் வந்ததும் நட்சத்திரத்தின் ஆணவத்தை மட்டும் அளக்கிறோம். பயிற்சியாளர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் கணக்குப் பாதிதான். இதற்குச் சாட்சி பில் ஜாக்சனேதான். 2014 மார்ச்சில் அவர் நிக்ஸ் அணியின் தலைவரானார். முக்கோணத்தையும் கையோடு கொண்டுவந்தார். இந்த முறை பயிற்சியாளர் நாற்காலியில் தானே உட்காரவில்லை. தன் பழைய சீடர் டெரெக் ஃபிஷரை உட்கார வைத்தார். சிகாகோவில் ஜோர்டானோடு தினமும் நேருக்கு நேர் நடந்த பேரம், நியூயார்க்கில் மாடி அலுவலகத்திலிருந்து வந்த உத்தரவாக மாறியது. 2014-15 பருவத்தில் 17 வெற்றி, 65 தோல்வி. நிக்ஸ் வரலாற்றில் அதுவரை அவ்வளவு மோசமான கணக்கு கிடையாது.

2017 ஜூனில் ஜாக்சன் வெளியேறினார். செப்டம்பரில் கார்மெலோ ஓக்லஹோமா சிட்டிக்குப் போனார். 2023-ல் ஓய்வுபெற்றபோது அவர் கணக்கில் 28,289 புள்ளிகளும் மூன்று ஒலிம்பிக் தங்கமும் இருந்தன. என்பிஏ இறுதிச் சுற்றில் ஓர் ஆட்டம்கூட அவர் ஆடியதில்லை.