கண்ணாடியில் தோடி வாசிக்கலாம், தவில் வாசிக்க முடியாது

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு மாமாக் கடை மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே, கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பி. "ஐபேட் ஒன்னு வாங்கிட்டா கீபோர்ட வித்துடலாமாண்ணே?" என்கிறார். இப்போதெல்லாம் பலர் கேட்கும் கேள்விதான் இது. ஒரு தே தாரேக்கில் முடிகிற பதில் இல்லை, இன்னொன்றுக்கும் சொல்லிவிடுவோம்.

ஐபேடைக் கீபோர்டோடு இணைத்தால், திரையைத் தொட்டதும் அதிலிருந்து ஒலி கிளம்பிக் கருவிக்குப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். போவது கட்டளை மட்டும். "தே தாரேக் ரெண்டு, ரொட்டி சானாய் ஒண்ணு" என்று நாம் மேசையிலிருந்து குரல் கொடுக்கிறோமே, அந்தக் குரலில் பாலும் இல்லை, மாவும் இல்லை. உள்ளே இருப்பவர் போட்டால்தான் உண்டு. மின்னிசைக் கருவிகளுக்குள் இப்படிக் குரல் கொடுக்கும் முறைக்கு மிடி என்று பெயர். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு கண்காட்சியில் சீக்வென்ஷியல் கம்பெனியின் கீபோர்டையும் ஜப்பானிய ரோலண்டின் கீபோர்டையும் கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகள் ஒரே மொழி பேசச் சம்மதித்தது அன்று பெரிய விஷயம். அதற்கு முன்னின்ற டேவ் ஸ்மித்துக்கும் இகுதாரோ ககெஹாஷிக்கும் 2013இல் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது.

கட்டளை என்பது மூன்று எண்கள்தான். சுரத்தை எழுப்பு என்பது முதல் எண். எந்தச் சுரம் என்பது இரண்டாவது. நடுக்கட்டையின் 'சி' என்றால் 60. எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்பது மூன்றாவது, அதிகபட்சம் 127. பழைய ஐந்து ஊசிக் கம்பியில் இந்த மூன்றும் போய்ச்சேர ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். காதுக்குத் தெரியாது.

கண்ணாடி தடுமாறுவது அந்த மூன்றாவது எண்ணில். விரல் எங்கே பட்டது என்று திரைக்குத் தெரியும், எவ்வளவு ஓங்கி விழுந்தது என்று தெரியாது. அதனால் செயலிகள் குறுக்கு வழி தேடுகின்றன. 2011இல் ஐபேடுக்கு வந்த காராஜ்பேண்ட், நாம் தட்டும்போது பலகை எவ்வளவு அதிர்கிறது என்பதை உள்ளிருக்கும் அசைவுணரியை வைத்து ஊகித்தது. வேறு சில செயலிகளில் கட்டையின் எந்த உயரத்தில் தொடுகிறீர்கள் என்பதே ஒலியின் அளவு. இரண்டுமே ஊகம்தான். தவிலையோ உறுமியையோ இப்படி வாசித்தால் உயிர் இருக்காது. போதாததற்கு, விரல் பட்டால் மாறும் மின்னூட்டத்தை வைத்துத்தான் திரை தொடுதலை அறிகிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பாதையில் ஒரு பந்தலில் நின்று வாசித்துப் பாருங்கள். திரையில் விழும் வியர்வைத் துளியையும் அது விரல் என்று எடுத்துக்கொள்ளும்.

பிறகு எதற்கு இந்தக் கண்ணாடி? தோடிக்கு.

தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும். கீபோர்டில் அந்தக் கட்டையை மட்டும் அழுத்தினால் சுரம் வரும், ராகம் வராது. இடது கையால் சுரத்தை வளைக்கும் சக்கரத்தைத் திருப்பிச் சமாளிக்கிறோம். ஆனால் ஒலித்துக்கொண்டிருக்கும் எல்லாச் சுரமும் அந்தச் சக்கரத்தோடு சேர்ந்தே வளையும். 2018இல் ஏற்கப்பட்ட எம்பிஇ என்ற முறை இதை அழகாகத் தீர்த்தது. மிடியில் இருக்கும் 16 தடங்களை விரலுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு விரல் ஆட, இன்னொரு விரல் சும்மா நிற்கலாம். மகேஷ் ராகவன் ஐபேடில் ஜியோஷ்ரெட் செயலியை வைத்து வாசிக்கும் கர்னாடக சங்கீதத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும். ஏ.ஆர்.ரஹ்மான் 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் வாசித்த கன்டினூவம் என்ற கருவியும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். அது கண்ணாடி அல்ல, அமுக்கினால் இறங்கும் மெத்தென்ற பரப்பு. அதனால் அழுத்தமும் அதற்குத் தெரியும். விலைதான் நம் கைக்கு எட்டாது.

இங்கே புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. எம்பிஇ செயலி, வளைவின் எல்லையை வழக்கமாக 48 அரைச்சுரம் என்று வைத்துக்கொள்ளும். பெரும்பாலான கீபோர்டுகளில் அது 2. நீங்கள் விரலை ஸவிலிருந்து பவுக்கு இழுக்கிறீர்கள், அதாவது 7 அரைச்சுரம். செயலி 48இல் 7 பங்கு என்று சொல்லி அனுப்பும். கீபோர்டோ தன் 2இல் அதே பங்கை எடுத்துக்கொண்டு, ஓர் அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்குகூட நகராது. கருவி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே எண்ணை வையுங்கள். கீபோர்டு 12க்கு மேல் ஏறாது என்றால் செயலியை 12க்கு இறக்குங்கள்.

திரை உண்மையிலேயே பிழைப்பை மாற்றியது ஒலிக்கலவையில். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 மாதிரி ஒலிக்கலவைப் பெட்டிகளில் ஒலியை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டையே கிடையாது. டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தின் கடைசி வரிசைக்கு நடந்து போய், அங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு என்ன கேட்கிறது என்று கேட்டுச் சரிசெய்யலாம். வைஃபை அறுந்தாலும் ஒலி நிற்காது, கடைசியாக வைத்த அளவிலேயே ஓடும். ஆனால் மைக் ஊளையிட ஆரம்பித்தால் அடக்க உங்களிடம் கை இருக்காது. ஆயிரம் கைப்பேசிகள் கூடும் இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை நம்பாதீர்கள். தனி ரௌட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். இன்னும் நல்லது, ஒரு லேப்டாப்பைக் கம்பியிலேயே போட்டு வைப்பது.

ஆக, தம்பி கீபோர்டை விற்கக் கூடாது. ஐபேட் அதன் பக்கத்தில் இருக்கட்டும். வாங்கும் முன் கீபோர்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பிரிண்டருக்குப் போடும் சதுரத் தலை யுஎஸ்பி இருந்தால் ஒரு கம்பியும் ஐபேடுக்கு ஏற்ற இணைப்பியும் போதும். வட்டமாக ஐந்து துளை மட்டும் இருந்தால் மிடி இன்டர்ஃபேஸ் ஒன்றும் வாங்க வேண்டும். மேடையில் வாசிக்க புளூடூத் வேண்டாம், கம்பியிலேயே இணையுங்கள்.