அம்மன் ஊர்வலத்துக்கு அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு!
ஜெர்மனியில் காமாட்சிக்கு இடம் கிடைத்த கதை

நல்லம்பள்ளியில் அம்மன் திருவிழா என்றால் பம்பை முழங்கும், ஒலிபெருக்கி பாடும். பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக் கொள்வாரா? அவரும் கூட்டத்தில் ஒருவராக நிற்பார்!

ஜெர்மனியில் கதை வேறு.

அங்கே இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். ஞாயிற்றுக்கிழமையில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. வீடுகள் உள்ள தெருவில் அன்று இயந்திரம் வைத்துப் புல் வெட்டவும் கூடாது. ஞாயிறு ஓய்வு நாள் என்று 1919-ம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். அந்த விதி இன்றும் இருக்கிறது.

வீடு மாறினால் 2 வாரத்துக்குள் அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் எழுதித் தந்த தாளும் வேண்டும். குப்பையிலும் சட்டம் உண்டு. காகிதத்துக்கு ஒரு தொட்டி. காய்கறித் தோலுக்கு வேறு தொட்டி!

1983 கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் பலர் இந்த நாட்டுக்கு அகதிகளாகப் போனார்கள். ஹாம் என்ற நகரில், 1989-ல், ஒரு கட்டிடத்தின் கீழ் அறையில் காமாட்சி அம்மனை வைத்துக் கும்பிட்டார்கள்.

1993-ல் அம்மன் தெருவில் ஊர்வலம் வந்தாள். ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகியது. மேளச் சத்தம்! தெரு அடைத்துக் கார்கள்!

அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். ஊரை இழந்து வந்தவர்கள், அம்மனையும் தூக்கிக்கொண்டு மறுபடி அலைய வேண்டுமா?

வழி பிறந்தது. நகரின் ஓரத்தில், தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் இடம் கிடைத்தது. அங்கே மேளம் அடித்தால் யார் தூக்கமும் கெடாது. முறைப்படி அனுமதி பெற்றுக் கோயில் எழுந்தது. 17 மீட்டர் உயரக் கோபுரம்! 2002 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்தது.

இன்று தேர்த் திருவிழாவுக்குப் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். பக்கத்துக் கால்வாயில் அம்மனுக்குத் தீர்த்தம். ஜெர்மானியரும் வந்து பார்க்கிறார்கள்.

சட்டம் அம்மனைத் தெருவை விட்டு விலக்கியது. ஆனால், அம்மனுக்கு நிலையான வீடும் அமைந்தது.

நமக்கு மட்டும் சட்டம் இல்லையா? உண்டு! 2000-ம் ஆண்டு இந்திய அரசு போட்ட விதிப்படி, இங்கேயும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காகச் சில நாள் மட்டும் நள்ளிரவு வரை அரசு அனுமதி தரலாம்.

நல்லம்பள்ளிக்கும் ஹாமுக்கும் கடிகாரம் ஒன்றுதான். அடுத்த வீட்டில் நோயாளி இருக்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். மெதுவாகக் கும்பிட்டாலும் அம்மனுக்குக் கேட்கும்!