முளைத்த காராமணி தரைக்கு வரவில்லை

இந்தியாவுக்கென்று ஒரு விண்வெளி நிலையம் வரப்போகிறது. அதன் முதல் பகுதியை 2028-இலும் மீதியை 2035-க்குள்ளும் ஏவுவது இஸ்ரோவின் திட்டம். இவ்வளவு செலவு எதற்கு, ஆளில்லாமலே ஆய்வு நடத்தலாமே என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2024 டிசம்பர் 30-இல் கிளம்பிய பிஎஸ்எல்வி சி-60 ராக்கெட்டின் கடைசி அடுக்கை வீணாக்காமல், போயம்-4 என்ற பெயரில் 24 ஆய்வுக் கருவிகளோடு சுற்றவிட்டது இஸ்ரோ. புனேயின் கோத்ரூடிலிருந்து, எம்ஐடி உலக அமைதிப் பல்கலைக்கழகத்தின் கருவியும் அதில் போனது. அதே மேடையில் ஒரு சிறு பெட்டிக்குள் 8 காராமணி விதைகள் நான்கே நாளில் முளைத்தன. பிறகு இலையும் விட்டன.

ஆனால் அந்தச் செடியை எவராலும் நறுக்கிப் பார்க்க முடியவில்லை. படங்களும் அளவுகளும் மட்டுமே கீழே வந்தன. 2025 ஏப்ரல் 4-இல் போயம்-4 வளிமண்டலத்துக்குள் விழுந்து முடிந்துபோனது. எடையற்ற நிலையில் எந்த மரபணு விழித்தது, எது அடங்கியது என்பதைச் செடியின் செல்தான் சொல்லும், படம் சொல்லாது. அதே ஆண்டு ஜூனில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லா, தார்வாட் ஆய்வாளர்களின் வெந்தயத்தையும் பாசிப்பயறையும் முளைக்கவிட்டு, உறைபெட்டியில் வைத்தார். அவற்றைத் தரையில் மீண்டும் ஆராயலாம். ஆய்வுக்கூடப் பகுதி தருவது இதைத்தான்: காற்றடைத்த அறை, கையுறைப் பெட்டி, உறைபெட்டி, இடையில் தவறினால் சரிசெய்ய ஒரு மனிதக் கை. பன்னாட்டு நிலையத்துக்கு 2001-இல் ஏறிய அமெரிக்காவின் டெஸ்டினி ஆய்வுக்கூடமும் 2008-இல் ஏறிய ஐரோப்பாவின் கொலம்பஸும் இன்றும் பழசாகாததற்கு, கருவி அடுக்குகளைக் கழற்றி மாற்ற முடிவதே முக்கியக் காரணம்.

ஆள் நடமாடினால் நிலையம் அதிருமே, படிக வளர்ப்பு போன்ற நுட்பமான சோதனைகள் கெடாதா? கெடும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்திலும் புவியீர்ப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையம் ஓயாமல் விழுந்துகொண்டே இருப்பதால்தான் எடை தெரிவதில்லை, அந்த அமைதியைச் சின்ன உதறலும் குலைக்கும். அத்தகைய ஆய்வுகள் போயமிலேயே நடக்கட்டும். உயிரியல் அப்படியல்ல. ஒருமுறை முளைத்தது செய்திதான். இன்னொரு குழு திரும்பச் செய்து அதே விடை வந்தால்தான் அறிவியல். திரும்பச் செய்ய, கல்லூரிகளுக்கு நிலையத்தில் நிரந்தர இடம் வேண்டும். ஆய்வுக்கூட அடுக்கின் அளவு, மின்சாரம், குளிரூட்டும் இணைப்பு ஆகிய விவரங்கள் இப்போதே பல்கலைக்கழகங்களின் கைக்குக் கிடைத்தால், நிலையம் தயாராகும் நாளில் அவற்றின் பெட்டிகளும் தயாராக இருக்கும்.