உங்களுக்குத் தெரியுமா? அபூர்வ நாய்களும் அவற்றின் முதுமையும்

நாயின் வயதை ஏழால் பெருக்கினால் அதன் ‘மனித வயது’ வந்துவிடும் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். அந்தக் கணக்கு தப்பு. நாயின் இனம், எடை, வம்சம் மூன்றும் சேர்ந்துதான் அதன் முதுமையைத் தீர்மானிக்கின்றன. அபூர்வ இனங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும்.

● ஒரு வயதில் முப்பத்தொன்று!
சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 லாப்ரடார் நாய்களை ஆராய்ந்தார்கள். வயது ஏற ஏற டி.என்.ஏ.மீது படியும் வேதிக்குறிகளை மனிதர்களுடைய குறிகளோடு ஒப்பிட்டு, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயது லாப்ரடார் 31 வயது மனிதருக்குச் சமம். நான்கு வயதில் 53. பன்னிரண்டில் 70-ஐத் தாண்டிவிடும். முதல் ஆண்டில் கிடுகிடுவென ஏறும் வயது, அதன்பின் நிதானமாகிறது.

● உருவம் பெருசு, ஆயுள் சிறுசு
யானை எலியைவிடப் பல மடங்கு காலம் வாழும். நாய்களுக்குள் இந்த விதி தலைகீழ். சிவாவா பன்னிரண்டு, பதினைந்து வயதுவரை துள்ளும். ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்டுக்கு ஏழெட்டு வயதே அதிகம். 74 இனங்களை ஒப்பிட்ட 2013 ஆய்வின்படி, உடல் எடை சுமார் 2 கிலோ கூடும்போது ஆயுளில் ஏறத்தாழ ஒரு மாதம் குறைகிறது. பெரிய நாய்கள் முதுமைக்குள் சீக்கிரம் நுழைவதில்லை. நுழைந்தபின் வேகமாக மூப்படைகின்றன.

● குட்டை உருவம் ஓநாய் தந்தது
நாய்களின் உருவ அளவில் ஐ.ஜி.எஃப்.1 என்ற மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு. சிறிய உடலைத் தரும் அதன் வடிவம் மனிதன் வளர்த்ததால் வந்தது என்றே எண்ணியிருந்தார்கள். ஆனால் சைபீரியாவில் கிடைத்த, சுமார் 54,000 ஆண்டு பழைய ஓநாயிடமே அது இருந்ததாக 2022-ல் தெரியவந்தது.

● ஆறு விரல் வேட்டைக்காரன்
நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளைச் சேர்ந்தது லுண்டெஹுண்ட். செங்குத்தான கடற்பாறைப் பொந்துகளில் கூடுகட்டும் பஃபின் பறவைகளைப் பிடிக்கப் பழக்கிய நாய் இது. ஒவ்வொரு பாதத்திலும் குறைந்தது ஆறு விரல். முன்னங்கால்களைப் பக்கவாட்டில் அகல விரிக்கும். தலையைப் பின்னால் வளைத்து முதுகைத் தொடும். மண்ணும் நீரும் புகாதபடி காதை மடித்து மூடிக்கொள்ளும்.

● ஆறு நாய்களிலிருந்து ஓர் இனம்
அந்தத் தீவுகளில் டிஸ்டெம்பர் நோய் பரவி, 1960-களில் மிஞ்சியவை ஆறு லுண்டெஹுண்டுகள்தான். இன்றைய நாய்கள் அவற்றின் வழிவந்தவை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகியதன் விலையை அவை இன்றும் கொடுக்கின்றன. உணவிலுள்ள புரதத்தை உடலில் ஒட்டவிடாத குடல்நோய் பல நாய்களின் ஆயுளைக் குறைக்கிறது. அதனால் நார்வேயில் புஹுண்ட் போன்ற உறவினங்களோடு திட்டமிட்டுக் கலந்து புது ரத்தம் சேர்க்கிறார்கள்.

● முடி இல்லை, பல்லும் குறைவு
மெக்சிகோவின் முடியில்லா நாய் ஷோலோ. அதன் உடலில் முடியை உதிர்த்த ஃபாக்ஸ்ஐ3 மரபணு மாற்றமே பற்களிலும் கைவைக்கிறது. பல நாய்களுக்குக் கடைவாய்ப் பக்கத்துப் பற்கள் முளைப்பதே இல்லை. விழுந்த பல்லை வைத்து வயதைக் கணிப்பவர் இங்கே ஏமாறுவார். இளம் ஷோலோவும் அவருக்குக் கிழடாகத் தெரியும்.

● மற்ற நாய்களின் பல் சொல்லும் கதை
குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்று, நான்கு மாதத்தில் முன்பற்கள் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இளம் நாயின் உதட்டை விலக்கி முன்பற்களைப் பாருங்கள்: நுனியில் மூன்று சிறு முகடுகள் இருக்கும். வயது கூடக்கூட அவை தேய்ந்து சமமாகும். கல்லையும் எலும்பையும் கடிக்கும் நாய்க்கு முன்னதாகவே தேயும். ஆகவே குட்டிப் பருவத்தில் பல் துல்லியமான சாட்சி, பிறகு தோராயமானதுதான்.

● வேட்டை நின்றது, நாய் அரிதானது
நீர்நாய்களை வேட்டையாட இங்கிலாந்தில் வளர்த்த இனம் ஒட்டர்ஹவுண்ட். 1978-ல் நீர்நாய்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அது நல்ல முடிவு. ஆனால் வேலை போன ஒட்டர்ஹவுண்டை வளர்ப்போர் குறைந்தனர். இன்று உலகம் முழுவதும் ஆயிரத்துக்கும் குறைவாகவே உள்ளன.

● ராஜபாளையம் வாங்குபவர் கவனத்துக்கு
வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, விடைத்த நடை. நம் ராஜபாளையத்துக்கு 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகியவற்றோடு தேசிய விலங்கு மரபணு வள அமைப்பின் பதிவும் அதற்குக் கிடைத்தது. ஆனால் வெண்ணிறத்தோடு ஒட்டிவரும் பிறவிச் செவிட்டுத்தன்மை சில குட்டிகளிடம் உண்டு. குட்டியின் பார்வையில் படாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். திரும்பவில்லையா, மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேளாத நாயை ‘சொல்பேச்சு கேட்காத நாய்’ என்று அடிப்பது கொடுமை.

● கண்ணில் நீலம் படர்ந்தால்
ஏழெட்டு வயதுக்குமேல் பாவைக்குள் மங்கலான நீலச் சாயல் தெரியும். வயதோடு விழிலென்ஸ் இறுகுவதால் வருவது. பார்வை பெரும்பாலும் கெடாது. வெள்ளையாகக் கட்டி ஒளியை மறைப்பதுதான் கண்புரை. இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் பார்க்க வேண்டும்.

● அளவான சோறு, நீளமான ஆயுள்
48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. 2002-ல் வெளியான முடிவு இது. பாசத்தைத் தட்டில் குவிக்காதீர்கள்.

● மறதி, அடம் அல்ல
இரவெல்லாம் குரைப்பது, மூலையில் முட்டிக்கொண்டு நிற்பது, பழகிய வீட்டிலேயே சிறுநீர் கழிப்பது: முதிய நாய்களுக்கு வரும் மூளைத் தளர்ச்சியின் அறிகுறிகளாக இவை இருக்கலாம். உணவும் மருந்தும் மாறாத அன்றாட ஒழுங்கும் ஓரளவு உதவும். திட்டினால் பயம்தான் கூடும்.

● 29 ஆண்டு வாழ்ந்த மாட்டுக்காரி
ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஆடு, மாடு மேய்த்த புளூயி என்ற நாய் 1939-ல் இறந்தபோது அதன் வயது 29 ஆண்டு 5 மாதம். 2023-ல் போர்ச்சுகலின் போபி என்ற நாய்க்கு 30 வயது தாண்டிவிட்டது என்று கின்னஸ் ‘மிக வயதான நாய்’ பட்டம் கொடுத்தது. வயதுக்கு உறுதியான சான்று இல்லாததால் 2024-ல் திரும்பப் பெற்றது.

● எப்போது ‘முதியவர்’?
வேகமாக மூப்படையும் பெரிய இனங்களை ஆறேழு வயதிலும், சிறியவற்றைப் பத்து வயதை ஒட்டியும் முதியவையாகக் கொள்ளலாம். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், பல், எடை பார்த்துவிடுங்கள். முதிய நாய்க்கு நோய் முற்ற அந்த அவகாசமே போதும்.