யாருக்குத் தெரியும்? ஒரு காதல் தொடர் எழுதிய குறிப்புகள்

நாற்பது வாரம் ஒரு தொடர்கதை எழுதி முடித்தேன். சிந்தாதிரிப்பேட்டையில் இரண்டு ஆண்களுக்கு நடுவே வரும் காதல். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு அத்தியாயம், ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு வார்த்தை. "ரெண்டு பசங்க லவ் பண்றாங்க, சரி. அதுல நாற்பது வாரத்துக்கு என்னப்பா இருக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார், ஆனா நல்ல கேள்வி. அதுக்குப் பதில்தான் இந்தக் குறிப்பு. எப்படி எழுதினேன், எங்கே தப்புப் பண்ணினேன் ரெண்டையும் சொல்லிடறேன்.

இடம்

முதலில் முடிவு செய்தது இடத்தை. காரணம் பெரிசா ஒண்ணுமில்லை, நான் இருக்கும் பேட்டை அது. 1734-இல் கும்பினிக்காரர்கள் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் குடியேற்றிய ஊர். 'சின்னத் தறிப் பேட்டை' என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். இப்போது தறி இல்லை. மூன்று பக்கம் வளைந்து ஓடும் கூவம் இருக்கிறது, ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது, மீன் மார்க்கெட், மே தினப் பூங்கா, பறக்கும் ரயில் ஸ்டேஷன் எல்லாம் இருக்கின்றன.

கதையில் முரளி கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சின்ன பிரஸ்ஸில் டிடிபி வேலை பார்க்கிறான். பாபு, மார்க்கெட்டில் அம்மாவின் மீன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். வீடு கூவம் கரையோரம்.

எழுத உட்கார்ந்ததும் ஒரு சிக்கல் வந்தது. வழக்கமான காதல் தொடரில் பாதி அத்தியாயம் சந்திப்பதிலேயே போய்விடும். யாருக்கும் தெரியாமல் எங்கே பார்ப்பது, யார் தூது போவது. ஒரு பையனும் பொண்ணும் பூங்காவில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு பசங்க தோள்மேல் கை போட்டுக்கொண்டு மணிக்கணக்கா உட்காரலாம், ஒரே வண்டியில் போகலாம், ஒருத்தன் வீட்டில் இன்னொருத்தன் படுத்துத் தூங்கலாம். அம்மாவே பாய் எடுத்துப் போடுவார். சந்திக்க எந்தத் தடையும் இல்லை. அப்போ கதை எதில் நகரும்?

அட்டவணை

மூன்று அத்தியாயம் எழுதிக் கிழித்த பிறகுதான் பிடிபட்டது. இந்த மாதிரிக் காதலில் கேள்வி 'எங்கே பார்ப்பது' இல்லை, 'யாருக்குத் தெரியும்' என்பதுதான். ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். இடது பக்கம் ஆட்கள்: முரளி அப்பா, அம்மா, பிரஸ் முதலாளி, பாபு அம்மா, தங்கை, டீக்கடைக்காரர், வீட்டு ஓனர். மேலே அத்தியாய எண். ஒவ்வொரு கட்டத்திலும் நாலில் ஒரு வார்த்தை: தெரியாது, சந்தேகம், தெரியும், தெரிஞ்சும் தெரியாத மாதிரி.

நாலாவதுதான் நம்ம ஊருக்கு முக்கியம். நம்ம குடும்பங்களில் பல விஷயம் அந்தக் கட்டத்திலேயே முப்பது வருஷம் ஓடிவிடும்.

விதி ஒன்றுதான்: வாரத்துக்கு ஒரு கட்டமாவது மாறணும். முத்தமே இல்லாத வாரம் இருக்கலாம், கட்டம் மாறாத வாரம் இருக்கக்கூடாது. ஒன்பதாம் அத்தியாயத்தில் டீக்கடைக்காரர் 'தெரியாது'விலிருந்து 'சந்தேக'த்துக்குப் போனார். அவ்வளவுதான் நடந்தது. வாசகர்களுக்கு அந்த வாரம் மூச்சு முட்டியதாகச் சொன்னார்கள்.

அவனும் அவனும்

அடுத்தது இலக்கணத் தொல்லை. 'அவன் அவள் தோளில் கை வைத்தான்' என்று எழுதினால் குழப்பமே இல்லை. 'அவன் அவன் தோளில் கை வைத்தான்' என்று எழுதினால்? தன் தோளிலேயே கை வைத்துக்கொண்ட மாதிரியும் இருக்கும். பேரைத் திரும்பத் திரும்பப் போட்டால் போலீஸ் எஃப்ஐஆர் மாதிரி ஆகிவிடும்.

தமிழே வழி கொடுத்தது. நம்மிடம் 'இவன்' இருக்கிறதே! ஒரு அத்தியாயம் யார் கண்ணோட்டத்தில் போகிறதோ அவன் 'இவன்', எதிரில் இருப்பவன் 'அவன்'. அடுத்த வாரம் மாறிக்கொள்ளும். பேச்சில் 'நான்', 'நீ' இரண்டுக்கும் ஆண் பெண் வேறுபாடே கிடையாது. அதனால் நெருக்கமான காட்சிகளில் உரையாடலை மட்டும் வைத்து, வர்ணனையைக் குறைத்தேன். அகப்பாடல்களில் தலைவன் தலைவிக்குப் பெயர் கிடையாது, அது தொல்காப்பியம் சொல்லும் மரபு. பெயர் வேண்டாத அந்த இடத்தை நான் வேற காரணத்துக்காகத் தேடிப் போய்ச் சேர்ந்தேன்.

மச்சான்

இருவரும் ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிடுவார்கள்? முதல் அத்தியாயத்தில் பாபு ஒரு வாடிக்கையாளர், அதனால் 'நீங்க'. நாலாவதில் 'என்னப்பா'. ஏழாவதில் 'டா' வந்தது. அந்த 'டா'தான் தொடரின் முதல் காதல் காட்சி. வேறெதுவும் நடக்கவில்லை.

அதற்கப்புறம் 'மச்சான்'. மெட்ராஸில் எந்த இரண்டு பசங்களும் மச்சான், மச்சிதான். ஆனா அந்த வார்த்தைக்கு உறவுமுறையில் எத்தனை அர்த்தம்! அக்கா தங்கை புருஷன் மச்சான், பெண்டாட்டியின் அண்ணன் தம்பி மச்சான். பல ஊர்ப்பக்கம் முறைப்பையனை, கட்டிக்கப்போறவனைப் பெண்கள் கூப்பிடுவதும் அதேதான். சிநேகிதமும் கல்யாணமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இதைக் கதையிலேயே பயன்படுத்தினேன். இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் பாபுவின் அம்மா, "எப்பப் பாரு மச்சான் மச்சான்ற. நம்ம பொண்ணையே அவனுக்குக் குடுத்தா நெஜமாவே மச்சானாயிடுவான்ல?" என்கிறார். பாசத்தில்தான் சொல்கிறார். இருவருக்கும் அதைவிடப் பெரிய இடி கிடையாது.

எந்த வருஷம்

கதையை 11 டிசம்பர் 2013-இல் தொடங்கினேன். 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் 377-ஆம் பிரிவைத் தளர்த்தியிருந்தது. அதை உச்ச நீதிமன்றம் திருப்பிப் போட்ட நாள் அது. பிரஸ்ஸில் யாரோ பேப்பர் வாசிக்கிறார்கள், முரளி தலையைத் தூக்காமல் டைப் அடிக்கிறான். அது 'ஓரினச்சேர்க்கை' என்ற வார்த்தை பேப்பரில் ஓடிய காலம். அந்தச் சொல் உடம்பை மட்டும்தான் பார்க்கிறது. 'தன்பாலீர்ப்பு' என்பது மனசைப் பார்க்கும் சொல். ஆனா 2013-இல் முரளிக்கு அது தெரிந்திருக்காது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், மதுரையிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு எழுதினார். அதைத் தொடர்ந்து 2022-இல்தான் தமிழக அரசு இதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதனால் நாற்பது வாரமும் அவர்கள் காதலுக்குப் பேர் இல்லாமலே எழுதினேன்.

2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் 377-ஐத் தளர்த்திய நாளில் கதையை முடிக்கலாமே என்று ஆசை வந்தது. விட்டுவிட்டேன். தீர்ப்பு வந்து சேர்த்து வைத்தால் அது நீதிமன்றத்தின் கதை, இவர்களுடையது இல்லை. அதுக்குப் பதிலா 2015 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்கொண்டேன். வெள்ளத்துக்கப்புறம் கூவம், அடையாறு கரையோரக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. பாபுவின் குடும்பமும் போகிறது. அதுவரை கூப்பிடு தூரத்தில் இருந்தவன் இப்போது பஸ் மாறி வரவேண்டிய தூரத்தில்.

கடிதம்

இருபத்தெட்டாம் அத்தியாயம் வந்த வாரம், புரட்டாசி கடைசியில், ஒரு வாசகரிடமிருந்து மெயில் வந்தது. பாராட்டு இல்லை, திட்டும் இல்லை. "எனக்குத் தை மாசம் கல்யாணம். அதுக்குள்ள கதைய முடிச்சிடுங்க. முரளி என்ன பண்றான்னு நான் தெரிஞ்சிக்கணும்." இவ்வளவுதான்.

அந்த நேரத்தில் நான் போட்டு வைத்திருந்த முடிவு என்ன தெரியுமா? முரளி தலையைக் குனிந்து பாபுவின் தங்கையைக் கட்டிக்கொள்கிறான். தன் பத்திரிகையைத் தானே டைப் அடிக்கிறான். சோகம், அழகு, கைதட்டல். நம்ம பக்கம் இந்த மாதிரிக் கதைக்கு இரண்டே முடிவுதான் பழக்கம்: ஒன்று சாவு, இல்லாவிட்டால் இந்தக் கல்யாணம். மெயிலைப் படித்த பிறகு அந்தக் காட்சியை எழுதக் கை வரவில்லை.

அப்போதுதான் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று படிக்கப் போனேன். ஆர்மிஸ்டெட் மாப்பின் 1976-இலிருந்து 'சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' நாளிதழில் 'டேல்ஸ் ஆஃப் தி சிட்டி' என்ற தொடரை எழுதினார். தன்பாலீர்ப்பு உள்ள பாத்திரங்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று பத்திரிகை ஆபீஸில் ஒரு கணக்கு அட்டவணை வைத்திருந்தார்களாம். நான் மட்டும் கட்டம் போடவில்லை போலிருக்கு! 1977-இல் பாடகி அனிதா பிரையன்ட் ஃப்ளோரிடாவில் தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைக்கு எதிராக இயக்கம் நடத்தினார். தொடரில் மைக்கேலின் அம்மா அதில் சேர்ந்துவிட்டதாக எழுதுகிறார், மைக்கேல் தன்னைப் பற்றிச் சொல்லிப் பதில் கடிதம் போடுகிறான். மாப்பினின் பெற்றோரும் அந்தப் பேப்பரை வாங்கிப் படித்தவர்கள். பாத்திரத்தின் கடிதம் வழியாகவே தன் வீட்டுக்கும் சொல்லிவிட்டார்.

இ.எம்.ஃபார்ஸ்டர் இதற்கு நேரெதிர். 'மாரிஸ்' நாவலை 1913-14-இலேயே எழுதினார். இரண்டு ஆண்களும் சேர்ந்து வாழ்வதாகத்தான் முடியணும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அதனாலேயே வாழ்நாள் முழுக்க வெளியிட முடியவில்லை. அவர் இறந்த அடுத்த வருஷம், 1971-இல்தான் அச்சில் வந்தது. ஒருத்தர் வெளியே சொல்ல வாராவாரத் தொடரைப் பயன்படுத்தினார், இன்னொருத்தர் நல்ல முடிவுக்காக ஐம்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். என் வாசகருக்கோ மூணு மாசம்தான் இருந்தது.

பேர் இல்லாதவள்

முப்பதாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பிழை பார்த்துக் கொடுக்கும் தோழி அந்த நோட்டைப் புரட்டினாள். "இந்த ஒரு வரிசை மட்டும் முப்பது வாரமா 'தெரியாது'ன்னே இருக்கே. யாரு இது, தங்கை? இவளுக்குப் பேரே வைக்கலியா நீ?"

வைக்கவில்லை. அவளைத்தான் முரளிக்குக் கட்டி வைக்கப் போகிறேன். அந்த ஒரே ரூம் வீட்டில் பாபுவோடு இருபது வருஷம் வளர்ந்தவள். டீக்கடைக்காரருக்கே ஒன்பதாம் வாரம் சந்தேகம் வந்துவிட்டது, அவளுக்கு மட்டும் ஒன்றுமே தெரியாதாம். இரண்டு ஆண்களின் சோகத்துக்கு ஒரு அலங்காரமாக அவளை நிறுத்தியிருந்தேன். ஊரில் இதே கல்யாணத்தைச் செய்து வைப்பவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்?

தொடர்கதையில் வந்த அத்தியாயத்தைத் திருத்த முடியாது. படித்தவர்கள் படித்துவிட்டார்கள். அதனால் பழைய முப்பதையும் மறுபடி வாசித்து, அவள் வரும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு போனேன். பதினொன்றாம் அத்தியாயத்தில், அம்மா கேட்காமலே அவள் முரளிக்கு மீன் குழம்பைத் தனியாக எடுத்து வைக்கிறாள். பதினெட்டில், அண்ணன் போன் அடித்ததும் எழுந்து வெளியே போகிறாள். எழுதும்போது நான் எதையும் நினைத்து எழுதவில்லை. இப்போது படித்தால் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

செல்வி என்று பேர் வைத்தேன். முப்பத்தொன்றாம் அத்தியாயம் முழுக்க அவள் கண்ணோட்டம். பத்திரிகை மாதிரி பார்க்க பிரஸ்ஸுக்குத் தனியாக வருகிறாள். முரளியிடம், "எங்கண்ணன உனக்குப் புடிக்கும்னு எனக்குத் தெரியும். என்ன உனக்குப் புடிக்குமா? அத மட்டும் சொல்லு" என்கிறாள். முரளியால் பொய் சொல்ல முடியவில்லை. அங்கேயே கல்யாணம் நின்றுபோனது. அதற்கப்புறம் ஒன்பது வாரம் அம்மா அழுகை, அப்பாவின் மௌனம், செல்வியின் பேரில் ஊர் கட்டிய கதைகள். நின்றுபோன கல்யாணத்துக்கு அதிக விலை கொடுத்தது அவள்தான், அதையும் எழுதினேன்.

நாற்பதாம் அத்தியாயம் மார்கழியில் வந்தது. முரளியும் பாபுவும் திருவல்லிக்கேணியில் ஒரு ரூம் பார்க்கிறார்கள். "பேச்சிலரா?" என்று ஓனர் கேட்கிறார். "ஃப்ரெண்ட்ஸ்" என்கிறான் பாபு. அது பாதி பொய். அந்தப் பொய் எனக்கும் உறுத்தியது. ஆனா 2016-இல் அவர்களுக்கு அந்தச் சாவி வேறெப்படிக் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்கியே 'பொன்னியின் செல்வன்' முடிந்ததும் வாசகர் கேள்விகளுக்காக முடிவுரை எழுத வேண்டி வந்தது. எனக்கும் கேள்விகள் வந்தன. அதிகம் பேர் கேட்டது, செல்வி என்ன ஆனாள் என்று.

மெயில் போட்டவருக்கு நான் அறிவுரை எதுவும் எழுதவில்லை. முப்பத்தொன்று வந்த அன்றைக்கு லிங்க்கை மட்டும் அனுப்பி, "முரளி என்ன பண்றான்னு கேட்டீங்க. இந்த வாரம் அந்தப் பொண்ணு என்ன கேக்கறான்னு படிங்க" என்று போட்டேன். பதில் வரவில்லை. தை போய் மாசியும் போய்விட்டது.

அடுத்த தொடருக்குப் புது நோட்டு வாங்கியிருக்கிறேன். இந்த முறை கட்டம் போடும் முன்னால் எல்லாருக்கும் பேர் எழுதிவிட்டேன்.