நாய்க்குட்டி விற்பனை: பொழுதுபோக்கானாலும் பதிவு அவசியம்

"நான் ஒன்றும் வியாபாரி இல்லை. ஆசைக்கு இரண்டு நாய் வைத்திருக்கிறேன், குட்டி போட்டால் விற்கிறேன்" என்று சிலர் சொல்வதை நாம் கேட்டிருப்போம். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2017இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. விற்பதற்காக ஜாதி நாய்களை இனப்பெருக்கம் செய்பவர், வீட்டில் செய்தாலும் பண்ணையில் செய்தாலும், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு 2 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? குட்டியின் அழகு நம் கண்ணில் படுகிறது. அதை ஈன்ற தாயின் நிலை கண்ணில் படுவதில்லை. ஓய்வின்றி ஈனவைத்தால் அதன் உடல் தேய்ந்துபோகும். ஆகவேதான், 18 மாதம் நிரம்பாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் ஈனவைக்கக் கூடாது என்று விதிகள் சொல்கின்றன. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவும் தடை உண்டு. தாய்ப்பாலும், தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் பழகும் காலமும் அதற்குத் தேவை.

வாங்குகிறவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. காவலுக்காக நாய் வாங்க நினைப்பவர்கள் முதலில் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். தடுப்பூசி விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். தாய் நாயை நேரில் பாருங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். கேள்வி கேட்காமல் நாம் கொடுக்கும் பணம்தான் அந்த வாயில்லா ஜீவனை மறுபடியும் கூண்டுக்குள் தள்ளுகிறது.