கிதார் வாசித்தவர் யார்? கம்பம் பள்ளத்தாக்கில் தீராத பாட்டு வழக்கு!

தேனி, போடி, கம்பம் வட்டாரத்து டீக்கடையில் "இந்தப் பாட்டுக்கு மியூசிக் யாரு?" என்று கேட்டுவிடாதீர்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

"நம்ம பண்ணைப்புரத்து ஆளு! இதுகூடத் தெரியாதா?" என்பார்கள்.

சரி, "அதுல கிதார் வாசிச்சது யாருண்ணே?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். டீ கிளாஸ் பாதியில் நிற்கும்!

பாவலர் பாட்டு

இந்த ஊர் ரசிகர்களின் கதை இசைத்தட்டுக்கு முன்பே தொடங்கியது. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்டு மேடைகளில் பாடியவர். 1958-ல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். தேயிலைத் தோட்டத் தமிழர்களிடம் பாட்டாலேயே ஓட்டுக் கேட்டார் பாவலர். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். பிறகு தம்பிகளும் அண்ணனோடு ஊர் ஊராகப் போனார்கள்.

அந்தக் கச்சேரியை நேரில் கேட்டவர்களுக்கு மற்ற ரசிகர்கள் என்றால் கொஞ்சம் இளப்பம்தான்!

1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. கல்யாண வீடு, காது குத்து, கோவில் திருவிழா, எங்கும் அதே பாட்டு. ஜானகியா, சுசீலாவா என்று அப்போது தொடங்கிய சண்டைக்கு இன்னும் தீர்ப்பு இல்லை.

குழாய் செய்த குளறுபடி

மைக் செட்காரர் மரத்தில் கட்டிய கூம்புக் குழாயில் பாட்டு மைல் கணக்கில் கேட்கும். குரல் கேட்கும், புல்லாங்குழல் கேட்கும். ஆனால் அடிநாதம் வராது. கீழ் சுரங்களைக் குழாய் விழுங்கிவிடும். பேஸ் கிதார் என்று ஒன்று 'தும் தும்' என்று பாட்டைத் தாங்கிக்கொண்டு போவதே பலருக்குத் தெரியாது.

கேசட்டும் பெட்டி ஸ்பீக்கரும் வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. "அட, இது எங்கே இருந்துச்சு?" என்று கேட்ட பாட்டையே திரும்பக் கேட்டார்கள்.

ஜாஸ் ரசிகர்கள் கெட்டிக்காரர்கள்!

இந்த விஷயத்தில் அமெரிக்க ஜாஸ் ரசிகர்களை மெச்ச வேண்டும். ஜாஸ் இசையில் வாசிப்பவர் அந்த இடத்திலேயே கற்பனை பண்ணுவார், நம் நாதஸ்வரக்காரர் ஆலாபனை செய்வது மாதிரி. அதனால் 'யார் வாசித்தது?' என்பதே அங்கு முதல் கேள்வி.

1959-ல் வந்தது மைல்ஸ் டேவிசின் 'கைண்ட் ஆப் புளூ' இசைத்தட்டு. டிரம்பெட் அவர். சாக்ஸபோன் கோல்ட்ரேன், அடர்லி. பியானோ பில் எவன்ஸ். ஒரே ஒரு உருப்படிக்கு மட்டும் பியானோவில் விண்டன் கெல்லி. அந்த ஒரு உருப்படியைப் பற்றியே பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள்!

நம் சினிமாத் தட்டில்? படம், பாடியவர், கவிஞர், இசையமைப்பாளர். அவ்வளவுதான்.

"ராஜா நோட்ஸ் எழுதிக் குடுக்குறாரு, அவங்க வாசிக்கிறாங்க. இதுல என்னப்பா இருக்கு?" என்பது ஒரு கட்சி. எழுதியது அவர்தான், யார் மறுத்தார்கள்? ஆனால் தந்தி மேல் ஓடிய விரல் வேறொருவருடையது அல்லவா!

இதோ பெயர்கள்

கிதார் சதானந்தம். பேஸ் கிதார் சசிதரன். டிரம்ஸ் புருஷோத்தமன். கீபோர்டு விஜி மானுவேல். புல்லாங்குழல் அருண்மொழி என்ற நெப்போலியன். வயலின் வி.எஸ்.நரசிம்மன்.

1986-ல் இளையராஜா பாடகரே இல்லாமல் 'ஹவ் டு நேம் இட்' கொண்டுவந்தார். தியாகராஜருக்கும் ஜெர்மன் மேதை பாக்குக்கும் காணிக்கை அது. நரசிம்மனின் வயலின்தான் அதில் கதாநாயகன். 1988-ல் 'நத்திங் பட் விண்ட்'. அதில் அரிபிரசாத் சவுராசியாவின் புல்லாங்குழல். வாசித்தவரைத் தேடிக் கேட்கும் பழக்கம் நம்மவர்களில் பலருக்கு இந்த இரண்டில்தான் ஒட்டிக்கொண்டது.

விஜி மானுவேல் 2016-ல் மறைந்தார். புருஷோத்தமன் 2020-ல் போய்விட்டார். அவர் அடித்த தாளத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஆடாத கால் இல்லை. பெயரைக் கேட்டால்தான், "யாருப்பா அது?"